மேடம் என்று கூப்பிடுகிறவர்

என் வீட்டுக்காரர் என்னோடு தமிழில் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டையாக இருந்தால் நான் சமாளித்திருப்பேன். வாய்ச்சண்டையில் நான் தோற்றதாக எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். பைக் விபத்தில் அடிபட்டதில் அவர் தலையிலிருந்து தமிழ் போய்விட்டது. போகிற போக்கில் என்னையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

இதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கல்யாணமே ஒரு கட்டிங் டூலில் நடந்த தப்பிலிருந்து வந்ததுதான்.

நான் டூல் டிசைன் செய்கிறவள். துளை போடும் டிரில், ஓரம் வெட்டும் ரவுட்டர், இவற்றின் முனை எப்படி இருக்க வேண்டும், பல் எந்தக் கோணத்தில் சாய வேண்டும் என்று வரைந்து கொடுப்பது என் வேலை. இரும்பை வெட்டுவதற்கு இல்லை. கண்ணாடி நார், கார்பன் நார் இவற்றை அடுக்கடுக்காகப் பரப்பிப் பசை ஊற்றி இறுகச் செய்த பிளாஸ்டிக் தகடுகளை வெட்டுவதற்கு. பஸ்ஸின் முகப்பு, தண்ணீர்த் தொட்டி, பெரிய மின்விசிறியின் இறக்கை என்று இன்றைக்கு எதை எடுத்தாலும் அதில்தான் செய்கிறார்கள்.

என் நைனாவுக்கு இது கடைசி வரை புரியவில்லை. "பிளாஸ்டிக்க வெட்றதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ படிப்பு? கத்திய வச்சு கீசினா வராதா?" என்று கேட்பார். வராது. இரும்பு நல்ல பிள்ளை. கூரான முனை பட்டால் சுருள் சுருளாக வழிவிட்டுப் போகும். இந்த நார் வழிவிடாது. கண்ணாடி நார் மணல் மாதிரி, வெட்ட வருகிற முனையையே தேய்த்துவிடும். முனை மழுங்கினால் நார் அறுபடாமல் தள்ளப்படும். தள்ளினால் தகடு பரோட்டாவைப் பிய்த்தது போல அடுக்கடுக்காகக் கழன்று வரும். ஒரு அடுக்கு கழன்றால் அந்தத் தகட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான். திரும்ப ஒட்டவைக்க முடியாது.

நாங்கள் ஆந்திராவில் நகரி பக்கம். பரம்பரையாக விவசாயம், வீட்டில் தமிழ். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்தேன். ஆனால் என் தெலுங்கு பரீட்சைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் போதுமான தெலுங்கு, அவ்வளவுதான். திருப்பதியில் ஒரு டிசைன் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தபோது, நான் வரைவதை அரைத்துக் கொடுக்கும் கிரைண்டிங் ஷாப்பில் இருந்தவர் அவர். சந்திரகிரிக்காரர், சுத்தத் தெலுங்கு. நான் படித்த அளவுக்கு அவரும் படித்திருந்தார், ஆனால் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். "மேடம், கூர்ச்சோண்டி." "மேடம், மீரு செப்பண்டி." உட்காருங்கள், சொல்லுங்கள் என்று மரியாதை வழியும். எனக்கு எரிச்சலாக இருக்கும். என்னவோ நான் கலெக்டர் மாதிரி.

ஒரு சமயம் கண்ணாடி நார்த் தகட்டின் ஓரம் வெட்டுவதற்கு ஒரு ரவுட்டர் வரைந்து அனுப்பியிருந்தேன். அனுப்பிய பிறகு ஒரு சந்தேகம். இந்தத் தகட்டை வெட்டினால் சுருள் வராது, மாவு மாதிரித் தூள்தான் வரும். அந்தத் தூள் டூலின் மேல் பாதியில் அடைத்துக்கொண்டு சூடாகிப் பசையை உருக்கிவிட்டால்? அங்கே பள்ளத்தை இன்னும் அகலமாக்க வேண்டும் என்று தோன்றியது. அவசரத்தில் தெலுங்கு வாயில் வரவில்லை. போனைப் போட்டு எங்கள் ஊர் பாஷையிலேயே சொன்னேன்: "மேல எடம் உடுங்க. நல்லா எடம் உடுங்க."

தமிழ்நாட்டிலிருந்து வருகிற பக்தர்கள் "மேல போற பஸ் எது?" என்று கேட்டுக் கேட்டு, திருப்பதியில் 'மேல' என்ற சொல் தெரியாத ஆள் கிடையாது. அது அவருக்குப் புரிந்துவிட்டது. 'எடம்' என்பதும் புரிந்துவிட்டது. தெலுங்கில் 'எடம' என்றால் இடது பக்கம். டூலில் ஓடும் பள்ளம் கீழிருந்து மேல் வரை வலப்பக்கம் சுற்றி ஏறுவதுதான் வழக்கம். மனிதர் மேல் பாதியில் மட்டும் அதை இடப்பக்கம் சுற்ற வைத்து அரைத்துவிட்டார். விசித்திரமாக இருக்கிறதே என்று அவருக்கும் தோன்றியதாம். மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாராம்.

டூலைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் அந்த ஷாப்புக்கே போய் எல்லார் முன்னாலும் கத்தினேன். பாதி தமிழ், பாதி தெலுங்கு. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மீரே செப்பாரு கதா மேடம், மேல எடம அனி" என்றார். நீங்கள்தானே மேலே இடது என்று சொன்னீர்கள் என்கிறார். நான் இடம் என்றேன், அவர் எடம என்கிறார், நான் இடம் என்கிறேன். பக்கத்து மெஷின்காரர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

வேறு டூல் செய்ய நேரமில்லை. வருவது வரட்டும் என்று அதை வைத்தே வெட்டினோம். தகட்டின் மேல் பக்கத்திலும் பிசிறு இல்லை, கீழ்ப் பக்கத்திலும் பிசிறு இல்லை. வலப்பக்கச் சுற்று நாரை மேலே இழுக்கும். அதனால் மேல் அடுக்கு கிளம்பிக்கொண்டு நிற்கும். இடப்பக்கச் சுற்று கீழே அமுக்கும். இரண்டும் ஒரே டூலில் இருந்ததால் மேலிருந்தும் கீழிருந்தும் அடுக்குகளை நடுவைப் பார்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டே வெட்டிவிட்டது. மர வேலைக்காரர்களுக்கு இது பழைய சங்கதி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எங்களுக்குப் புதுசு. இரண்டு பேரும் அந்தத் தகட்டை மாற்றி மாற்றித் தடவிப் பார்த்துக்கொண்டு அசட்டுத்தனமாகச் சிரித்தோம்.

அதற்குப் பிறகு அவர் தமிழ் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். என்னிடம்தான். புத்தகம் இல்லை, சினிமா இல்லை. நான் பேசுவதைக் கேட்டு, திரும்பச் சொல்லி, நான் திட்டத் திட்டத் திருத்திக்கொண்டு கற்றார். அதனால் அவருடைய தமிழ் அப்படியே எங்கள் வீட்டுத் தமிழ். சாப்பிட்டியா என்று அவருக்குக் கேட்கத் தெரியாது. "இன்னாம்மே, துன்னியா?" என்பார். சென்னைக்கு வேலையாகப் போனால், சாருக்கு எந்தப் பேட்டை என்று அங்கே கேட்பார்கள். இவர் பெருமையாக "நகரி மாப்ள" என்பார். நீங்கள் என்பது நீ ஆனது எப்போது என்று எனக்கு நினைவில்லை. தெலுங்கில் அவர் என்னை ஒரு நாளும் ஒருமையில் கூப்பிட்டதே இல்லை. மேடம் என்பதும் மீரு என்பதும் தெலுங்கு. நீ என்பதும் ம்மே என்பதும் தமிழ். அப்படியே பிரிந்து கிடந்தது. அதில் ஆபத்து இருக்கிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கல்யாணத்துக்குப் பிறகு சந்திரகிரியில் அவர் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே, அவர் அம்மாவான என் அத்தையோடு இருந்தோம். ரேணிகுண்டா ரோட்டில் ஒரு ஷெட் பிடித்து, பழைய கிரைண்டிங் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு, நான் வரைய அவர் அரைக்க, எங்கள் தொழில் ஓடியது. நாள் முழுக்க ஷெட்டில் சண்டை. இந்த முனைக்கு வைரப் பூச்சு வேண்டும் என்பேன். பூச்சு ஏறினால் கூர் குறையும், அப்புறம் நாரைத் தள்ளுகிறது என்று என்னைத் திட்டாதே என்பார். வீட்டுக்கு வந்தும் அதுவே. அத்தைக்கு ஒரு வார்த்தை புரியாது. "மீரு இத்தரு கொட்லாடுதுன்னாரா, மாட்லாடுதுன்னாரா?" என்பாள். சண்டை போடுகிறீர்களா, பேசுகிறீர்களா என்று. இரண்டும் ஒன்றுதான் அத்தை என்பேன்.

மாங்காய் சீசனில் அது நடந்தது. குடுபல்லி பக்கம் தண்ணீர்த் தொட்டி செய்கிற ஒருவருக்கு டூல் கொடுத்துவிட்டு பைக்கில் திரும்பி வந்துகொண்டிருந்தார். அந்த வருஷம் தோத்தாபுரி மாங்காயை வாங்க ஆளில்லை. பங்காருபாளையம் தாண்டி, வெறுத்துப் போன யாரோ டிராக்டரோடு கொண்டுவந்து ரோட்டிலேயே கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். லாரிகள் ஏறி நசுங்கி, மேலே தூறலும் விழுந்து, ரோடு முழுக்க வழவழவென்று கிடந்திருக்கிறது. பைக் சறுக்கியது. ஹெல்மெட் போட்டிருந்தார். போட்டிருந்ததால்தான் உயிர் இருக்கிறது என்றார்கள். அன்றிலிருந்து மாம்பழ வாசனை எனக்கு ஆகவில்லை. சித்தூர் பக்கம் இருந்துகொண்டு மாம்பழம் ஆகாது என்றால் எங்கே போவது?

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். கண் விழித்துப் பேசத் தொடங்கியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். என்னைப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது, அது பொய்யில்லை. பிறகு எழுந்து உட்காரப் பார்த்தார். போர்வையைச் சரிசெய்துகொண்டார்.

"மேடம், மீரெந்துக்கு ஒச்சாரு?" என்றார். நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "இன்னாய்யா, சாவடிச்சுட்டு இப்ப வெளயாடறியா?" என்று அழுதுகொண்டே அவர் தோளில் அடித்தேன். அவர் மிரண்டு போய் அத்தையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என் மூளை ஒப்புக்கொள்ளத்தான் நாளானது.

டாக்டர் நல்லவர். உட்கார வைத்துச் சொன்னார். கடைசியாகக் கழிந்த வருஷங்கள் அவர் நினைவில் இல்லை; அந்த வருஷங்களில் கற்ற பாஷையும் இல்லை. சின்ன வயதில் கற்ற தெலுங்கு இருக்கிறது, தொழில் இருக்கிறது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம். கட்டாயப்படுத்த வேண்டாம். நான் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் கட்டாயப்படுத்தினேன். கல்யாண ஆல்பத்தை எடுத்து மடியில் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு வியர்த்துக் கொட்டியது. தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார், இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. ஆல்பத்தைப் பீரோவின் அடியில் போட்டுப் பூட்டினோம். அத்தை தைரியமாக, "அது உன் பெண்டாட்டிடா" என்று ஒருமுறை அவரிடம் தெலுங்கில் சொல்லிப் பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்தி அம்மாவைக் கடிந்துகொண்டாராம். இப்படியெல்லாம் பேசாதே, யார் காதிலாவது விழுந்தால் மேடம் பேர் கெட்டுவிடும் என்று. என் பேர் கெடாமல் என்னிடமிருந்தே காப்பாற்றுகிறார். இதற்கு நான் சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா?

புதிதாகச் சொல்வதும் அவர் மனதில் தங்குவதில்லை. இன்று சொன்னது நாளைக்குப் பாதிதான் இருக்கும்.

அவரிடம் விடாமல் தமிழ் பேசிப் பார்த்தேன். சோறு போட்டு "துன்னு" என்பேன். மருந்து கொடுத்து "முழுங்கு" என்பேன். அவர் மரியாதையாகச் சிரிப்பார். "நாக்கு அரவம் ராது மேடம்" என்பார். இந்தப் பக்கத்தில் தெலுங்குக்காரர்கள் தமிழை அரவம் என்பார்கள். நாக்கு என்றால் அவர்கள் பேச்சில் எனக்கு என்று அர்த்தம். எனக்குத் தமிழ் வராது மேடம் என்கிறார். என் காதில் அது நாக்கு என்றே விழும். அந்த நாக்குக்கு அதை ஊட்டியவளே நான்தான்.

என்னோடு அவர் பேச வேண்டும் என்றால் ஒரே வழிதான் இருந்தது. டூல்.

தேய்ந்துபோன ஒரு டிரில்லை ஒரு நாள் பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். லென்ஸ் கேட்டார். முனையைப் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது. பேச ஆரம்பித்தார். முனை எங்கே உருண்டு போயிருக்கிறது, எந்தத் தகட்டில் ஓடியிருக்கும், எவ்வளவு வேகத்தில் ஓட்டிக் கெடுத்திருக்கிறார்கள், எல்லாம். எங்கள் ஷெட்டில் அவர் இப்படித்தான் பேசுவார். பாஷை மட்டும் வேறு, மேடம் மட்டும் கூடுதல். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று முதல் காலையில் அவர் எழுவதற்கு முன்னால் ஷெட்டுக்குப் போய்விடுவேன். சாயங்காலம் வெளியாள் மாதிரிப் பையில் ஒரு கேள்வியோடு வருவேன். அவர் மாத்திரை போட்டுத் தூங்கிய பிறகு அத்தை பக்கத்தில் படுத்துக்கொள்வேன். ஒரு புது ஆளை வைத்து மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன், அதனால் கேள்விக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் வந்த நாளில் நானே கேள்வி செய்தேன். தெரிந்த விஷயத்தைத் தெரியாதது போலக் கேட்டேன். வேண்டுமென்றே கோணத்தைத் தப்பாக வரைந்து கொண்டுபோனேன், அவர் பிடிக்கட்டும் என்று. பிடித்துவிடுவார். "இக்கட தப்பு மேடம்" என்று கூச்சத்தோடு விரலை வைப்பார். முன்னெல்லாம் என் தப்பைக் கண்டுபிடித்தால் ஊரைக் கூட்டிவிடுகிற மனிதர். இப்போது தப்பைச் சொல்வதற்கு மன்னிப்புக் கேட்கிறார். கத்தேன்யா, ஒரு தடவை கத்தித் தொலையேன் என்று இருக்கும் எனக்கு.

ஒரு நாள் ஒரு ரவுட்டரை வரைந்து அவர் முன்னால் வைத்தேன். பழைய ரவுட்டர்தான், பள்ளம் முழுக்க வலப்பக்கம் சுற்றுகிற சாதா ரவுட்டர். பாஷை போனாலும் அந்த ஒரு வார்த்தை எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்காதா? எங்கள் கதை தொடங்கியதே அதில்தானே. டாக்டர் சொன்னதை மறந்துவிட்டு, அன்று போனில் சொன்ன அதே குரலில் சொன்னேன்.

"மேல எடம் உடுங்க. நல்லா எடம் உடுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். புருவம் சுருங்கியது. படத்தைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். ஏதோ பிடிபடுகிற மாதிரி முகம் மலர்ந்தது.

"பைன எடமா மேடம்?" என்றார். மேலே இடதா என்று கேட்கிறார். பென்சிலை எடுத்து மேல் பாதியில் இடப்பக்கச் சுற்றைப் போட்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு துள்ளிக்கொண்டு, "மேடம், இதி ரெண்டு வைப்புலா நொக்குதுந்தி!" என்றார். இரண்டு பக்கமும் அமுக்குமே என்கிறார். அந்த அசட்டுச் சிரிப்பு, அதே சிரிப்பு. அவருக்கு அது முதல் தடவை. எனக்காக அவர் மறுபடியும் அதே தப்பைச் செய்தார், மறுபடியும் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தில் நான் இருந்தேன், மேடமாக.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அத்தை வந்து குழாயை மூடினாள். தண்ணீர் வீணாகிறது என்று சொல்லிக்கொண்டே என்னைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கேள்வி எதுவும் கொண்டுபோகவில்லை. எனக்கே வெறுத்துவிட்டது. ஆனால் நிஜமாகவே ஒரு சிக்கல் வந்து சேர்ந்தது. சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் கார்பன் நார்த் தகட்டில் துளை போடுகிறார்கள். டிரில் உள்ளே போவதில் பிரச்சினை இல்லை. வெளியே வருகிற பக்கத்தில் கடைசி அடுக்கு பிய்த்துக்கொண்டு வருகிறது. கடைசி அடுக்குக்கு முட்டுக் கொடுக்க அதற்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. டிரில்லின் நடுமுனை அதை வெட்டாமல் தள்ளிவிடுகிறது. நான் கோணத்தை மாற்றினேன், பூச்சை மாற்றினேன், வேகத்தைக் குறைத்தேன். பிய்ந்துகொண்டேதான் இருந்தது. வேறு வழியில்லாமல் பிய்ந்த தகட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவர் கட்டை விரலால் அந்தத் துளையின் விளிம்பைத் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். "நடும தோஸ்தோந்தி மேடம். அஞ்சு முந்து கொய்யாலி" என்றார். நடு தள்ளுகிறது, ஓரம் முந்தி அறுக்க வேண்டும். அப்புறம் இரண்டு பேரும் வரைந்தோம். நடுமுனையை மெலிதாக்கினோம். ஓரத்து மூலைகள் இரண்டையும் நடுவையும் தாண்டி முன்னால் இழுத்துக் கூராக்கினோம், அவை முதலில் வட்டமாக நாரை அறுத்துவிட்டால் நடு தள்ளினாலும் பிய்வதற்கு எதுவும் இருக்காது. மூலை மெலிந்தால் சீக்கிரம் உடையும் என்றேன். உடையும், ஆனால் பிய்க்காது என்றார். எவ்வளவு மெலிசு என்பதில் வாக்குவாதம் வந்தது. அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அந்த டிரில் ஓடியது. துளையின் பின்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. வெட்டிய துண்டு ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டி வந்தேன். வழியெல்லாம் மனசு என்னென்னவோ கணக்குப் போட்டது. ஒரு தடவை இப்படித்தான் ஒரு தகட்டைத் தடவிப் பார்த்து ஆரம்பித்தது. இன்னொரு தடவை ஆரம்பிக்காதா? பழசு வரவேண்டாம். தமிழ் வரவேண்டாம். புதுசாகவே ஆரம்பிக்கட்டும், தெலுங்கிலேயே இருக்கட்டும், நான் கற்றுக்கொள்கிறேன். நுவ்வு என்று ஒருமையில் ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும்.

அவர் வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துண்டைக் கையில் கொடுத்தேன். துளைக்குள் விரலை விட்டுப் பின்பக்கத்தைத் தடவினார். "அப்பா!" என்றார். நான் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து நின்று அந்த விளிம்பைக் காட்டிக்கொண்டிருந்தேன். குனிந்ததில் தாலி புடவைக்கு வெளியே வந்து தொங்கியது. அவர் கட்டியது. அவர்கள் வழக்கப்படி இரண்டு வட்டத் தங்கப் பொட்டு வைத்தது. அவர் கண் அதில் போய் நின்றது.

நாற்காலியை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"மேடம்கு பெள்ளி அயிந்தா?" என்றார். உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று.

ஆகிவிட்டது என்றேன். வேறு என்ன சொல்வது?

"சாரு ஏம் சேஸ்தாரு?" சார் என்ன செய்கிறார் என்று.

"டூல் கிரைண்டிங்" என்றேன்.

"ஓ, மன லைனே!" நம் தொழில்தானா என்று சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஏதோ ஒன்று அணைந்ததை நான் பார்த்தேன். அந்த முகத்தில் ஒவ்வொரு மூலையும் எனக்குத் தெரியும். என்னை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இத்தனை நாளும் சாயங்காலம் ஆனால் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது அதற்குத்தான். நான் வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தது ஏற்கெனவே ஆரம்பித்துத்தான் இருந்தது. அதை அந்தத் தாலி அந்த நிமிஷத்தில் முடித்துவிட்டது.

"தெலுகு வாளேனா?" என்று கேட்டார், பேச்சை விட மனமில்லாமல்.

"தெலுங்குதான். ஆனா தமிழ் நல்லா பேசுவாரு" என்றேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததில் தமிழில்தான் வந்தது. அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. தலையாட்டினார். தகட்டுத் துண்டைக் கைக்குட்டையில் பழையபடி அழகாகச் சுற்றி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"சீக்கட்டி படுத்தோந்தி மேடம். பயல்தேரண்டி. சாரு எதுரு சூஸ்துண்டாரு."

இருட்டுகிறது, கிளம்புங்கள், உங்கள் வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருப்பார்.

சமையலறை வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு வாய் திறந்து சொல்லிவிடத் தோன்றியது தெரிந்தது. நான் கண்ணால் வேண்டாம் என்றேன். அவர் கால் நடுங்க நின்றுகொண்டிருக்கிறார். நான் போகும்வரை உட்கார மாட்டார். பையை எடுத்துக்கொண்டேன். வருகிறேன் என்றேன். கேட் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்து, "ஜாக்ரத்த மேடம்" என்றார். ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு தெருமுனை திரும்பினேன். போவதற்கு இடம் இல்லை. கோட்டைக்குப் போகிற ரோட்டில் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். அத்தை போன் செய்தாள். மாத்திரை கொடுத்தேன், தூங்கிவிட்டான், வா என்றாள்.

இப்போது தினமும் அப்படித்தான். அவர் கிளம்புங்கள் என்கிறார், நான் கிளம்புகிறேன். அத்தை போன் வந்ததும் திரும்பி, தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல், என் வீட்டுக்குள் நுழைகிறேன்.